கவிழ்ந்து படுத்த கண்ணாடி ஓடு

அச்சகத்து வாசலில் நின்ற காவலாளி ரேடியோவின் கொண்டையை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தாள். உள்ளே நாலு கொண்டை ஊசியைத் தவிர வேறெதுவும் இல்லை என்று தெரிந்ததும் அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"அவிழ்க்கச் சொன்னீங்க, சரி. திரும்ப முடிஞ்சு விடுறது யாரு, நீங்களா?" என்று கேட்டாள் ரேடியோ.

காவலாளி சிரிக்கவில்லை. அந்த மனிதர் சிரித்து ஆறு வருடமாகிறது என்று அச்சகத்தில் பேச்சு. உள்ளே போகிறவர் யாரானாலும் செல்போனை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டுவார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து கரண்டியால் கிளறுவார். செருப்பைத் தட்டிப் பார்ப்பார். ஒருமுறை மேனேஜரின் மாமனாரையே பல்செட்டைக் கழற்றிக் காட்டச் சொன்னாராம். இந்த வாசலைத் தாண்டி ஒரு கமாவைக்கூட யாரும் கடத்த முடியாது என்பது அவர் பெருமை. அந்தப் பெருமைதான் இப்போது ஒரு பெண்ணின் கழுத்துக்குக் கயிறாக வந்து நின்றது.

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, தெரு வைத்த பெயர். காலையில் திறந்த வாயைத் தூக்கம் வந்துதான் மூட வேண்டும். அவளுக்குப் பின்னால் கைப்பையைக் கவிழ்த்துக் காட்டிக்கொண்டிருந்தவர் அவளுடைய அண்ணன் மனைவி. பன்னிரண்டு வருடம் பேருந்துப் பணிமனையில், பயணிகள் தவறவிட்ட பொருள்களைக் காத்து வந்தவர். 'இது என் குடைதான்' என்று வந்து நிற்கிறவர்களில் யாருக்கு அது சொந்தக் குடை, யாருக்கு அது அடுத்தவர் குடை என்று பார்த்துப் பார்த்து, பொய்யின் வாசனை அவருக்கு மூக்கிலேயே தங்கிவிட்டது. வேலையை விட்டதும் வீட்டு வாசலில் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டினார். உதவியாள் தேவை என்றார். ஒருவரும் வரவில்லை. வீட்டில் சும்மா இருந்த நாத்தனார் வந்தாள். ஓர் அண்ணியும் நாத்தனாரும் ஐந்து வருடமாக ஒரே தொழிலில் தலைமுடி கலையாமல் இருப்பது எப்படி என்பதுதான் அந்தத் தெருவில் இன்னும் துலங்காத மர்மம்.

மணி ஒன்றரை ஆகியிருந்தது. நாலு மணிக்குத் தேர்வு அதிகாரி போலீஸோடு வருவதாகச் சொல்லியிருந்தார். வந்தால் அகராதியைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

அகராதி அந்த அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். எல்லாச் சொல்லும் தெரியும் என்பதால் பாதிப் பேர் அப்படிக் கூப்பிட்டார்கள். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட மீதிப் பேர் வேறு அர்த்தத்தில் கூப்பிட்டார்கள். அரசுத் தேர்வுகளின் வினாத்தாள்கள் அங்கேதான் அச்சாகும். மாடியில் அதற்கென்று ஒரு ரகசிய அறை உண்டு. ஜன்னல் கிடையாது, ஒரே கதவு. வெளிச்சத்துக்காகக் கூரை முழுவதும் கண்ணாடி ஓடு. அந்த அறைக்குள் தனியாக உட்கார்ந்து அச்சுப்படியைத் திருத்திவிட்டு, காகிதத்தை உள்ளேயே பூட்டிவிட்டு, வாசலில் சோதனை முடிந்து வெளியேறுவாள். ஏழு வருடமாக இதுதான் நடைமுறை.

பன்னிரண்டு நாள்களுக்கு முன்னால் நர்ஸ் வேலைத் தேர்வின் வினாத்தாள் ஜெராக்ஸ் கடை ஜெராக்ஸ் கடையாகச் சுற்ற ஆரம்பித்தது. யாரோ கம்ப்யூட்டரில் தட்டியெடுத்த ஆறு பக்கம். விசாரித்தார்கள். காகிதம் அறையை விட்டுப் போகவில்லை. வேறு ஆள் உள்ளே போகவில்லை. வாசலில் ஒன்றும் அகப்படவில்லை. மிச்சம் இருந்தது அகராதியின் தலை. ஒருமுறை படித்தால் மறக்காத தலை அது என்று எல்லாருக்கும் தெரியும். தெருவில் உள்ளவர்களின் செல்போன் எண்ணெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கேள்விகளை மனதில் ஏற்றிக்கொண்டு வெளியே போய் இறக்கிவிட்டாள் என்று முடிவு கட்டி, அவளை வேலையிலிருந்து நீக்கி வைத்தார்கள். பையைக் கவிழ்த்துக் காட்டலாம். தலையை எப்படிக் கவிழ்த்துக் காட்டுவது?

அண்ணியைத் தேடி வந்தது அகராதியின் மாமியார். மருமகளுக்காக ஒரு மாமியார் வெயிலில் நடந்து வந்ததையே ரேடியோ தனி வழக்காக எடுத்து விசாரிக்கத் தயாராக இருந்தாள். ஆனால் அந்த அம்மாள் சொன்னது ஒரே விஷயம்.

"பதினாலு வருஷத்துல நான் சொன்ன ஒரு வார்த்தையை அவ மறக்கல. தேதியோட திருப்பிச் சொல்லுவா. அவ எடுத்திருந்தா முழுசா எடுத்திருப்பா. அந்த ஜெராக்ஸ்ல நடுநடுவுல புள்ளி புள்ளியா விட்டிருக்காமே. அரைகுறையா ஒரு காரியம் செய்யுற பழக்கம் அவளுக்குக் கிடையாது."

அந்த அரைகுறையைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணி வந்திருந்தார்.

ரகசிய அறையில் மேனேஜர் காத்திருந்தார். குள்ளமான, பருமனான, நிமிடத்துக்கு ஒருதரம் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற மனிதர். விசாரணைக்கு வரவழைத்த அகராதி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு நாளாகத் தூங்காத கண். ஆனாலும் புடவை மடிப்பு கலையவில்லை. ரேடியோ வணக்கம் சொன்னதற்கு, "வணக்கத்துக்கு நடுவுல இழுக்க வேண்டியதில்ல" என்றாள். இவளுக்கு இரண்டாவது அர்த்தத்தில்தான் பேர் பொருந்துகிறது என்று ரேடியோ மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

அண்ணி அசல் அச்சுப்படியைக் கேட்டார். அது ரகசியம், காட்ட முடியாது என்றார் மேனேஜர். பேருந்து நிலையத்து ஜெராக்ஸ் கடையில் எல்லாரும் பார்த்தாயிற்று, நாங்கள் மட்டும் பார்த்தால் கெட்டுவிடுமா என்று ரேடியோ கேட்டதும் பெட்டியைத் திறந்தார்.

பிறகு நடந்தது பள்ளிக்கூடத்து வேலை. ரேடியோ ஜெராக்ஸை வாய்விட்டுப் படித்தாள். அதில் புள்ளி விட்ட இடத்தில் என்ன சொல் விடுபட்டிருக்கிறதோ, அந்தச் சொல்லை அசலில் தேடிப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தார் அண்ணி. மூன்றாம் கேள்வியின் ஆரம்பம். நாலாம் கேள்வியில் இரண்டு சொல். அடுத்த பக்கத்தில் பதினேழு, பதினெட்டு. ஆறு பக்கமும் முடிந்ததும் தாள்களை வரிசையாகப் பரப்பினார். ஒவ்வொரு பக்கத்திலும் இடது ஓரத்தில், ஒரே இடத்தில், பென்சில் அடித்த சொல்லெல்லாம் சேர்ந்து ஒரு வட்டம்.

அண்ணி மேசையில் இருந்த இரும்புக் குண்டை எடுத்தார். காகிதம் பறக்காமலிருக்க அகராதி வைக்கிறது. முதல் பக்கத்து வட்டத்தின்மேல் வைத்தார். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது.

"மறதி வட்டமா வருமா, மேனேஜர் சார்?"

மேனேஜர் கடிகாரத்தைப் பார்க்க மறந்தார். அகராதி முதல்முறையாகத் தலை நிமிர்ந்தாள். குண்டுக்குக் கீழே இருக்கும் சொற்கள் உட்கார்ந்து படிக்கிறவளுக்குத் தெரியும், அவள்தான் குண்டை நகர்த்துவாளே. அந்த இடம் தெரியாமல் போவது, குண்டைத் தொட முடியாத தூரத்திலிருந்து, அதுவும் நேர் மேலே இருந்து பார்த்த ஒருவருக்குத்தான்.

நாலு பேரும் அண்ணாந்தார்கள்.

மேலே கண்ணாடி ஓடுகள் சரிந்து இறங்கின. வெளிச்சம் பாலாக வடிந்ததே ஒழிய வானம் தெரியவில்லை. மங்கல் கண்ணாடி. ஓட்டின்மேல் காக்கை நடந்தால் ஒரு கறை நகர்கிற மாதிரி தெரியும், அது காக்கையா கொக்கா என்று சொல்ல முடியாது. யாராலும் பார்க்க முடியாது என்பதற்காகவே போட்டது என்று மேனேஜர் விளக்கினார். குரலில் பழைய தைரியம் திரும்பியிருந்தது.

கூரை போட்டவரை அழையுங்கள் என்றார் அண்ணி. நாலு கடை தள்ளித்தான் அவர் பட்டறை, பத்து நிமிடத்தில் வந்தார். நெட்டையான ஆள். கைகளில் கண்ணாடி கீறிய தழும்பு. வந்ததும் மனிதர்களைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தார், தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விசாரிக்க வந்த தகப்பன் மாதிரி.

ஓட்டுக்காரர் சொன்னதன் சுருக்கம் இது. ஒவ்வோர் ஓட்டுக்கும் ஒரு விளிம்பில் நாக்கு, மறு விளிம்பில் வாய். ஒன்றின் நாக்கு அடுத்ததன் வாய்க்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். ஆணி வேண்டாம், காற்று தூக்காது, மழை ஒழுகாது. நடுவில் ஒன்றை மட்டும் உருவ முடியாது, அக்கம்பக்கத்தையெல்லாம் கிளப்பியாக வேண்டும்.

"கூட்டுக் குடும்பம் மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் ரேடியோ. "ஒருத்தி கோச்சுக்கிட்டுப் போகணும்னாலும் எல்லாரும் எந்திரிக்கணும்."

"கண்ணாடியில எந்தப் பக்கம் மேல?" என்று அண்ணி கேட்டார்.

வழுவழுப்பான பக்கம் மேலே, சொரசொரப்பான மங்கல் பக்கம் கீழே. அதுதான் தொழில் முறை என்றார் ஓட்டுக்காரர். மங்கல் பக்கம் மேலே இருந்தால் தூசி ஒட்டிக்கொள்ளும், மழை கழுவாது. தப்பித்தவறித் திருப்பிப் போடவும் முடியாது, நாக்கு வாயில் உட்காராது.

"எல்லா ஓட்டுக்கும் அப்படித்தானா?"

அவர் சற்று இழுத்தார். பிறகு வேண்டாவெறுப்பாகச் சொன்னார். "கடைசி ஓடு ஒண்ணு இருக்கும்மா. சுத்தி எல்லாம் பூட்டியாச்சு, நடுவுல ஒரு இடம் பாக்கி. அதை நாக்கோட இறக்க முடியாது. அதனால நாக்கைச் சாணை பிடிச்சு எடுத்துட்டுச் சும்மா உக்கார வைப்போம். ஒரு சின்னக் கொக்கிதான் பிடிப்பு. எங்க வைக்கிறோம்னு வெளிய சொல்ல மாட்டோம்."

அண்ணி அவரையே பார்த்தார். அந்தப் பார்வையில் எத்தனையோ திருட்டுக் குடைகள் திரும்பி வந்திருக்கின்றன. ஓட்டுக்காரர் கையைத் தூக்கிக் காட்டினார். மேலிருந்து மூன்றாம் வரிசை, வலது ஓரத்திலிருந்து நாலாவது. அகராதியின் மேசைக்கு நேர் மேலே.

மேனேஜர் உடனே ஓட்டுக்காரரை விட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

"மேல போய் ஓட்டைப் பாரு" என்றார் அண்ணி.

"ஓடுதான் இருக்கு அண்ணி, ஓட்டை எங்க இருக்கு?" என்று கேட்டாலும், அண்ணி நீட்டிய ஈரச் சாக்கையும் தண்ணீர்ச் செம்பையும் ரேடியோ வாங்கிக்கொண்டாள். எதற்கு என்று கேட்டதற்கு அண்ணி மெதுவாகச் சொன்னார். "நம்ம வீட்டுப் பாத்ரூம் ஜன்னல் கண்ணாடியை உங்க அண்ணன் திருப்பி மாட்டின கதை ஞாபகம் இருக்கா?"

ரேடியோவுக்கு இருந்தது. எதிர்வீட்டுக்காரருக்கும் இருக்கும். அந்தக் கதையை இங்கே விரிக்க வேண்டாம்.

மொட்டைமாடியில் ஏணி சாத்தியிருந்தது. கம்பிச் சட்டம் ஓடுகிற கோட்டில்தான் கால் வைக்க வேண்டும், ஓட்டின் நடுவில் வைத்தால் நேரே அறைக்குள்தான் இறங்குவீர்கள் என்று ஓட்டுக்காரர் சொல்லியனுப்பியிருந்தார். வெயிலில் கண்ணாடி அடுப்பாகக் காய்ந்திருந்தது. உள்ளங்கால் தீய, சாக்கைத் துண்டாக மடித்து முன்னால் போட்டு, அதன்மேல் ஏறி, மறுபடி முன்னால் போட்டு, தவழ்ந்தாள். பாதி வழியில் முழங்காலுக்குக் கீழே ஒரு 'டக்' கேட்டது. அசையாமல் இருந்தாள். ஆயுளில் முதல்முறையாக, கேட்க ஆள் இல்லாததால் மட்டுமல்லாமல், வேறொரு காரணத்துக்காகவும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஓடு தாங்கியது.

தூசி கனமாகப் படிந்திருந்தது. ஆனால் வலது பக்கம் நெருங்க நெருங்கத் தூசி குறைந்து, கடைசியில் இல்லாமலே போயிற்று. ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மட்டும் ஓடுகள் பளிச்சென்று இருந்தன. விரலால் தடவினாள். வழுவழுப்பு. அடுத்தது வழுவழுப்பு. அதற்கடுத்தது விரலைப் பிடித்தது, பூனை நாக்கு மாதிரி.

செம்பைச் சாய்த்தாள்.

தண்ணீர் பட்ட இடத்தில் மங்கல் கரைந்து போயிற்று. கண்ணெதிரே அறை திறந்தது. அகராதியின் வகிடு, அதில் இரண்டு நரைமுடி, மேசை, காகிதம், காகிதத்தின் இடது ஓரத்தில் கருப்பாக அந்தக் குண்டு. செல்போன் ஒன்று இருந்தால் எழுத்தெழுத்தாகப் பிடித்துவிடலாம்.  இந்த அறைக்கு ஜன்னல் இல்லை என்று நம்பி ஒரு பெண் ஏழு வருடம் உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

ஈரச் சாக்கை அந்த ஓட்டின்மேல் பரப்பிவிட்டு இறங்கி வந்து சொன்னாள். மேனேஜர் ஓட்டுக்காரர்மேல் பாய்ந்தார். கடைசி ஓடு எது என்று தெரிந்தவர் நீங்கள் ஒருத்தர்தான், வேறென்ன சாட்சி வேண்டும் என்றார். ஓட்டுக்காரர் கொதிக்கவில்லை. தரையைச் சுட்டிக் காட்டினார்.

"நான் கடைசி ஓடு வைக்கும்போது மேசை இங்க இல்ல. கண்ணாடி கீழ விழுந்துடக் கூடாதுன்னு கீழ எல்லாம் பாத்துட்டுத்தான் வச்சேன். அந்தச் சுவரோரமா இருந்துச்சு."

எதிர்ச் சுவரோரம் தரையில் நாலு கால் அழுந்திய தடம் தெளிவாகத் தெரிந்தது. வருடக்கணக்காக மேசை நின்ற இடம். மேசையை இங்கே கொண்டுவந்தது யார் என்று அண்ணி கேட்டார்.

அகராதி தயங்கவே இல்லை. "நான்தான். போன மாசம் நாலாம் தேதி, செவ்வாக்கிழமை, காலையில பத்தே காலுக்கு நகர்த்தினேன்."

  வரும்போது இந்தப் பெண்மேல் இருந்தது சந்தேகம். இப்போது அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். திரும்பக்கூடிய ஒரே ஓட்டுக்குக் கீழே தன் மேசையைத் தானே இழுத்துப் போட்டவள் கூட்டாளி இல்லாமல் வேறு யார்? மேனேஜர் அதைத்தான் உரக்கச் சொன்னார். மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

"எதுக்கு நகர்த்தினே?" என்றார் அண்ணி. அதட்டலே இல்லாத குரல்.

"அங்க இருட்டிப்போச்சு. கொஞ்சம் கொஞ்சமா. எழுத்துல துணைக்கால் தெரியல. இந்த மூலையில மட்டும் வெளிச்சம் நல்லா இருந்துச்சு."

ரேடியோ தன் முழங்காலில் அப்பியிருந்த தூசியைக் குனிந்து பார்த்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள். ஒரு பாய் அளவுக்கு மட்டும் கழுவியிருக்கிறார்கள் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அண்ணி தலையாட்டினார்.

"இவளை மேசையை நகர்த்துன்னு யாரும் சொல்லல. சொன்னா ஞாபகம் வச்சுக்குவாளே. வெளிச்சத்தை நகர்த்திட்டாங்க. மேசை தானா பின்னாடி போயிடுச்சு."

அப்படியானால் கூரை கழுவுகிறவர் யார்? வாராவாரம் ஓட்டுக்காரர்தான் கழுவுவதாகத் தன் நினைப்பு என்றார் மேனேஜர். போன வருடம் கூரை போட்ட முதல் மாதத்தோடு வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்களே என்றார் ஓட்டுக்காரர். அகராதிக்குத் தெரிந்தது வாளிச் சத்தமும் மேலே நகர்கிற ஒரு கறையும்தான். காவலாளியை வரவழைத்தார்கள். அவர் வருகைப் பதிவேட்டை விரித்து விரல் வைத்துக் காட்டினார். வியாழக்கிழமைதோறும், ஓட்டுக்காரர், ஒரு வாளி, பதினோரு மணி. ஓட்டுக்காரர் சத்தியமாக வரவில்லை என்றார். காவலாளி, பதிவேடு பொய் சொல்லாது என்றார். எழுதினவர் பொய் சொல்லலாமே என்று ரேடியோ சொன்னதற்கு, அவள் கொண்டையை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொய் சொல்வது ஓட்டுக்காரரா, காவலாளியா, அல்லது போனில் பேசியது மேனேஜரேவா? ரேடியோ மனதுக்குள் ஓட்டுக்காரர் பேரில் பந்தயம் கட்டினாள்.

அண்ணி கீழே போய் மேனேஜர் அறைத் தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசிவிட்டு வந்தார். அகராதியை வெளியே அனுப்பிவிட்டு, ரகசிய அறைக்குள் தனியாகப் போய் ஒரு நிமிடத்தில் வெளிவந்து, கதவைப் பூட்டினார். பிறகு மூன்று ஆண்களிடமும் ஓர் உதவி கேட்டார். அதிகாரி வந்து கேட்டால் மூவரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் அல்லவா. ஒவ்வொருவராக ஏறி, சாக்கை விலக்கி, அந்த ஓட்டைப் பார்த்துவிட்டு, கீழிருந்து எத்தனையாவது வரிசை என்று வந்து சொன்னால் போதும். ஏறினவர் இறங்கியதும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும், மற்றவரோடு பேசக் கூடாது. காவலாளி வாசலை விட்டு வர முடியாது என்றார். மேனேஜர் வரச் சொன்னார்.

மேனேஜர் முதலில் ஏறினார். ஏணி முனகியது. இறங்கி வரும்போது முகம் குழம்பியிருந்தது. அண்ணியின் காதருகே வந்து, "ஒம்பதாவது வரிசை. அது சரி, மேசையில என்னமோ பெருசா எழுதி வச்சிருக்கீங்களே, நான் வரும்போது படியில யாரையும் காணோமே" என்றார். வருவார்கள் சார் என்று அண்ணி அவரைத் தொட்டிக்குப் பின்னால் அனுப்பினார்.

ஓட்டுக்காரர் ஏறி வெகு நேரம் இறங்கவில்லை. ரேடியோ அண்ணியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். இறங்கியதும் ஏணியைக் கோபமாகத் தட்டினார். ஒன்பதாவது வரிசை, கொக்கியை வளைத்து நாசம் பண்ணியிருக்கிறார்கள், விளிம்பு இரண்டு இடத்தில் பொரிந்துவிட்டது என்றார். கீழே மேசையில் என்ன தெரிந்தது என்று அண்ணி கேட்டார்.

"கீழயா? ஓட்டைப் பாக்கச் சொன்னீங்க, ஓட்டைத்தானே பாத்தேன்."

ரேடியோவின் பந்தயம் அந்த இடத்தில் தோற்றது.

காவலாளி ஏறினார். சட்டத்தின் கோட்டைக் குனிந்து தேடாமல் கால் தானாகப் போய் வைத்ததை ரேடியோ கவனித்தாள். ஒரு நிமிடமாயிற்று. இரண்டாயிற்று. சாக்கு விலகும் சரசரப்பு கேட்டது, அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நிமிடம் ரேடியோ ஏணியில் கால் வைத்தாள். அண்ணி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

கட்டடத்துக்குப் பின்புறம் தகரம் நெளிகிற சத்தம் வந்தது. கூடவே ஒரு அதட்டல்.

ஓடிப்போய்க் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தார்கள். மழைநீர்க் குழாயைக் கட்டிப்பிடித்தபடி, தரைக்கும் மாடிக்கும் நடுவில் காவலாளி தொங்கிக்கொண்டிருந்தார். கீழே பின்வாசலில் போலீஸ் வண்டி நின்றது. தேர்வு அதிகாரி இடுப்பில் கைவைத்து அண்ணாந்து, இந்த அச்சகத்தில் காவலாளிகள் இப்படித்தான் இறங்குவார்களா என்று பக்கத்தில் இருந்த போலீஸ்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அரைமணி முன்னதாகப் பின்வாசலுக்கு வரச் சொல்லி அண்ணிதான் போன் செய்திருந்தார்.

ரகசிய அறையைத் திறந்தார்கள். மேசைமேல் ஒரு தாள். கட்டைவிரல் பருமன் எழுத்து. 'கூரை கழுவியவர் யார் என்று தெரிந்துவிட்டது. மாடிப்படியில் போலீஸ் நிற்கிறது.'

"அதைப் படிச்சுட்டுப் படிக்குப் பயப்பட வேண்டியவர் ஒருத்தர்தானே" என்றார் அண்ணி.

காவலாளியைக் கொண்டுவந்து உட்கார வைத்தபோது அவர் ரொம்ப நேரம் மறுக்கவில்லை. மகள் இரண்டு தரம் அந்தத் தேர்வில் தோற்றிருந்தாள். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. கழுவ வர வேண்டாம் என்று ஓட்டுக்காரருக்குப் போன் செய்து, அந்த ஓட்டைத் திருப்பிப் போட்டவர் இவர். ஓட்டுக்காரர் கடைசி ஓட்டை வைத்த அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவரும் இவர்தான். அதைக் கேட்டதும் ஓட்டுக்காரர் நெற்றியில் அறைந்துகொண்டார். யாருக்கும் சொல்லாத ரகசியத்தை, ஏணி பிடிக்கிற ஆளுக்கு எதிரே வாய்க்குள் சொல்லிக்கொண்டே வேலை செய்திருக்கிறார். மகளுக்கு மட்டும் என்றுதான் காவலாளி போனில் படம் பிடித்தார். மகள் ஒரு தோழிக்கு மட்டும் கொடுத்தாள். தோழியும் ஒருத்திக்கு மட்டும்தான் கொடுத்தாள்.

"உங்கமேல பழி வரும்னு நான் நினைக்கலம்மா" என்றார் அகராதியிடம்.

அகராதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். குரல் உயரவில்லை. "பன்னெண்டு நாளா வந்துட்டுத்தான் இருந்துச்சு. நீங்க வாசல்லதான் நின்னீங்க."

அவர் தலை குனிந்தது.  அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

தேர்வு அதிகாரிக்கு அவசரம். அகராதியை நீக்கி வைத்த உத்தரவை ரத்து செய்து, அங்கேயே நின்றபடி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி நீட்டினார். நடந்ததற்கு வருத்தம் என்றார். புதிய வினாத்தாள் நாளையே வரும், அதை அகராதிதான் திருத்த வேண்டும் என்றார். மேனேஜர் முகம் முழுக்கச் சிரிப்பாக நின்றார்.

அகராதி தாளை வாங்கினாள். ஒருமுறை படித்தாள். கண் கலங்கும், கை கூப்புவாள், அழுதால் தோள் கொடுக்கலாம் என்று ரேடியோ ஓரடி முன்னால் வந்து நின்றாள்.

அகராதி மேசையிலிருந்த சிவப்புப் பேனாவைத் திறந்து, அதிகாரியின் முத்திரைக்கு இரண்டு வரி மேலே ஒரு சொல்லைச் சுழித்து, தாளை அவரிடமே திருப்பி நீட்டினாள்.

"'நிறபராதி'ன்னு எழுதியிருக்கீங்க சார். சின்ன ர போட்டு வேற தாள்ல எழுதிக் குடுங்க. இதை நான் என் மாமியார்கிட்ட காட்டணும்."

அதிகாரி ஒருகணம் அவளைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புதுத் தாள் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக எழுத ஆரம்பித்தார். எழுதி முடிக்கும்வரை அகராதி அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள்.